கேட்டு வாங்கிய முடிவு

(வட்டத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வட்டம் தொடங்கிய நாள் முதலாக நான் இங்குப் பெரும்பாலும் கேட்பவளாகவே இருந்து வந்திருக்கிறேன். மூன்றாம் வரிசையில் சன்னலோர நாற்காலி என்னுடையது என்பதை உறுப்பினர்கள் அறிவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு நூலைப் பற்றிப் பேசச் செயலாளர் அழைப்பார். நானும் நல்ல நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் சிறப்புகளைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். இம்முறை அவர், "உங்களை ஏமாற்றிய நூல் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள், அம்மா" என்று கேட்டுக்கொண்டார். பிடிக்காத நூல் நம்மை ஏமாற்றுவதில்லை. அதை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். நாம் நம்பிய நூலுக்குத்தான் நம்மை ஏமாற்றும் ஆற்றல் உண்டு. ஆகவே என் ஏமாற்றத்தைச் சொல்லுமுன் என் நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். உரையின் பெரும்பகுதி அதற்கே போய்விடக்கூடும், பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டிருப்பவை அமெரிக்க எழுத்தாளர் காலீன் ஹூவரின் இரண்டு காதல் நாவல்கள். முதலாவது 2016ஆம் ஆண்டில் வெளிவந்த 'இட் எண்ட்ஸ் வித் அஸ்'. 'இது நம்மோடு முடிகிறது' என்று தமிழில் சொல்லலாம். இரண்டாவது அதன் தொடர்ச்சியாக 2022 அக்டோபரில் வந்த 'இட் ஸ்டார்ட்ஸ் வித் அஸ்', அதாவது 'இது நம்மோடு தொடங்குகிறது'. என் ஏமாற்றம் இரண்டாவதைப் பற்றியது.

காதல் நாவலா என்று சிலர் புன்னகைப்பது எனக்குத் தெரிகிறது. நானும் அப்படிப் புன்னகைத்தவள்தான். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்த காலத்தில், மாணவியரின் பாடநூல்களுக்கிடையே மறைந்திருந்த காதல் நாவல்கள் எத்தனையோ என் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றையும் நான் பிரித்துப் பார்த்ததில்லை. ஜேன் ஆஸ்டனைக் கற்பித்துக்கொண்டே காதல் கதையை இழிவாக நினைக்கும் முரண்பாடு எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஓய்வு பெற்றபின், என் தமக்கையின் பேத்தி விடுமுறைக்கு வந்தபோது விட்டுச்சென்ற நூலைத்தான், வேறு நூல் கைக்கெட்டாத ஒரு பிற்பகலில் எடுத்தேன். அன்றிரவு விளக்கை அணைக்க நள்ளிரவு கடந்துவிட்டது.

இவ்வகை நாவல்களுக்கு 'நியூ அடல்ட்' என்று பெயர். சிறுவர்க்கும் முதிர்ந்தோர்க்கும் இடைப்பட்ட, பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரையிலானோரின் வாழ்வைச் சொல்லும் கதைகள். இப்பெயரைச் செயின்ட் மார்டின்ஸ் பிரஸ் என்னும் பதிப்பகம் 2009இல் புழக்கத்திற்குக் கொண்டுவந்தது. முதல் வேலை, முதல் வாடகை வீடு, முதல் முறையாகத் தானே எடுக்கும் முடிவு ஆகியவை இக்கதைகளின் களம். டெக்சாஸ் மாநிலத்தில் சமூகப் பணியாளராக இருந்த ஹூவர், 2012இல் தம் முதல் நாவலைத் தாமே பதிப்பித்து இத்துறைக்குள் வந்தார். காதல் நாவலுக்கு அமெரிக்கக் காதல் கதை எழுத்தாளர் சங்கம் வகுத்திருக்கும் இலக்கணம் மிகச் சுருக்கமானது. கதையின் நடுவில் ஒரு காதல் இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நன்னம்பிக்கையும் தர வேண்டும். இவ்வளவுதான். இதனை வாசகரோடு செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம் எனலாம். முதல் நாவலின் பெருமை, அந்த ஒப்பந்தத்தின் விளிம்பில் போய் நின்றதில் இருக்கிறது.

கதையைச் சுருங்கச் சொல்கிறேன். லில்லி என்னும் இருபத்து மூன்று வயதுப் பெண். தாயை அடித்துத் துன்புறுத்திய தந்தை இறந்துவிட்டார். நீத்தார் நிகழ்வில் அவரைப் பற்றிப் பேச எழுகிறாள். தந்தையின் சிறப்புகளைச் சொல்கிறேன் என்று தொடங்கி, ஒன்றும் சொல்லாமல் மேடையில் நிற்கிறாள். இப்படி ஒரு மௌனத்தோடு ஒரு காதல் கதை தொடங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்றிரவு பாஸ்டன் நகரில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் மொட்டைமாடியில் தனித்து அமர்ந்திருக்கிறாள். அங்கு ஓர் இளைஞன் வருகிறான். வந்ததும் அங்கிருந்த நாற்காலியைக் காலால் மீண்டும் மீண்டும் உதைக்கிறான். அது எளிதில் உடையாத வகையைச் சேர்ந்தது. உடையவில்லை.

அவன் பெயர் ரைல். நரம்பியல் அறுவை மருத்துவத்தில் பயிற்சி பெறுபவன். கைத்துப்பாக்கி தவறுதலாக வெடித்ததில் ஒரு சிறுவன் மருத்துவமனையில் இறந்துபோன துயரத்தில்தான் அவன் நாற்காலியை உதைத்தான் என்று அறிகிறோம். எவ்வளவு மென்மையான மனம் என்று நெகிழ்கிறோம். நானும் நெகிழ்ந்தேன். நண்பர்களே, நாவலின் எச்சரிக்கை அந்த நாற்காலியிலேயே இருக்கிறது. கோபம் வந்தால் கைக்கெட்டியதை உதைப்பவன் இவன் என்று ஆசிரியர் முதற் காட்சியிலேயே நம் கண்முன் வைத்துவிட்டார். அதற்கு அவர் சொன்ன காரணம் உருக்கமானதாக இருந்ததால் நாம் காரணத்தைப் பார்த்தோம், காலைப் பார்க்கவில்லை.

அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களுக்கு அவன் நல்லவன். லில்லி தனக்கென்று ஒரு பூக்கடை தொடங்குகிறாள். அவன் அறிவும் நகைச்சுவையும் அன்பும் உடையவனாக அவளைச் சுற்றி வருகிறான். அவனுடைய தங்கை அலிசா, லில்லிக்கு உற்ற தோழியாகிறாள். பிறகு ஓர் இரவு. இருவரும் சற்று மது அருந்தியிருக்கிறார்கள். ஓவனில் வைத்த உணவை மறந்துவிட்டு, நினைவு வந்து, வெறுங்கையால் அவன் அந்தத் தட்டைப் பற்றி இழுக்கிறான். கை சுட்டுவிடுகிறது. தட்டு கீழே விழுகிறது. அவள் சிரிக்கிறாள். அடுத்த கணம் அவள் தரையில் கிடக்கிறாள்.

எழுத்துத் திறன் என்று நான் சொல்வது இந்த இடத்தைத்தான். முன்னறிவிப்பு இல்லை, இடிமுழக்கம் இல்லை. அவள் சிரிப்புக்கும் அவள் விழுந்ததற்கும் இடையில் ஒரு வாசகர் மூச்சு விடுவதற்குக்கூட இடமில்லை. உடனே அவன் கதறுகிறான், மன்னிப்புக் கேட்கிறான். அறுவை மருத்துவனின் கை அல்லவா, அந்தக் கையில் அல்லவா தீக்காயம், வலியில் தன்னை மறந்து தள்ளிவிட்டான், இனிச் செய்யமாட்டான் என்று யாரோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். யார் சொல்கிறார்கள் என்று பார்த்தால், லில்லி மட்டும் அல்லள். படித்துக்கொண்டிருந்த நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இங்கு என் சொந்த வாழ்வின் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு ஒரு சித்தி இருந்தார். இப்போது இல்லை. சித்தப்பா ஊருக்கே நல்லவர். எங்களுக்கெல்லாம் திருவிழாவுக்குத் திருவிழா வளையலும் பலூனும் வாங்கித் தந்தவர். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து, அடுக்களையில் என்னிடம் மட்டும், தம் கையைக் காட்டினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சித்தப்பா நல்லவர்தானே சித்தி, கோபம் ஒன்றுதானே" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். சித்தி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "ஆமாம்டி, நல்லவர்தான்" என்றார். மாலையில் திரும்பிப் போய்விட்டார். அதன்பின் அவர் என்னிடம் எதையும் காட்டவில்லை. அந்த உரையாடலை நான் மறந்தே போயிருந்தேன். ஐம்பது ஆண்டுகள் கழித்து, பாஸ்டன் நகரத்து அடுக்களை ஒன்றில் ஒரு பெண் விழுந்தபோது, என் வாயிலிருந்து அதே சொற்கள் வந்தன. எத்தனையோ பெரும் படைப்புகளைக் கற்பித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றும் என்னை அந்த அடுக்களைக்குத் திரும்ப அழைத்துச் சென்றதில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி மாடிப்படியில். லில்லியின் கைபேசி உறைக்குள் வேறொருவனின் தொலைபேசி எண்ணை ரைல் காண்கிறான். அவள் படியில் உருண்டு விழுகிறாள். நினைவு துண்டு துண்டாகத்தான் அவளுக்குத் திரும்புகிறது. நீயே விழுந்தாய் என்கிறான் அவன். அவன் சொல்வதை நம்பலாமா என்று நாம் தடுமாறுகிறோம், அவளும் தடுமாறுகிறாள். மூன்றாவதை நான் இங்கு விவரிக்கப்போவதில்லை. அதற்குப்பின் தடுமாற இடமில்லை என்று மட்டும் சொல்கிறேன். அப்போது அவள் கருவுற்றிருப்பதும் தெரிய வருகிறது.

ஆசிரியர் ரைலுக்கு ஒரு பழங்கதையும் தருகிறார். ஆறு வயதில் துப்பாக்கி ஒன்றை விளையாட்டுப் பொருளாக எடுத்துத் தன் அண்ணனைக் கொன்றுவிட்ட சிறுவன் அவன். இதைக் காரணமாகத் தருகிறாரே அன்றி மன்னிப்பாகத் தரவில்லை. லில்லி தன் மகளுக்கு இறந்துபோன அந்தச் சிறுவனின் பெயரையே சூட்டுகிறாள். அவனை வெறுத்துவிட்ட பெண் செய்கிற செயலன்று இது. குழந்தை பிறந்த மருத்துவமனை அறையில், மகளைக் கையில் ஏந்திய கணவனிடம், இவளை ஒருவன் இப்படி அடித்தான் என்று இவள் உன்னிடம் வந்து சொன்னால் என்ன சொல்வாய் என்று கேட்கிறாள். அவன் அழுதுகொண்டே விடை சொல்கிறான். மணவிலக்கு என்கிறாள் அவள். அவள் அவனை இன்னும் நேசிக்கிறாள் என்பதே அந்தக் காட்சியின் வலிமை. வெறுப்பவனை விட்டுப் போவது நாவலாகாது. நேசிப்பவனை விட்டுப் போகிறாள். போகாமல் இருந்த தாயின் மகளாக இருந்துகொண்டு போகிறாள்.

இக்கதை ஆசிரியரின் சொந்தக் குடும்பத்திலிருந்து வந்தது. தம் தந்தை தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கித் தாயின் மீது எறிந்ததே, இரண்டரை வயதில் தம் முதல் நினைவு என்று நூலின் இறுதிக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தாய் அந்த மணவாழ்விலிருந்து வெளியேறினார். அந்தக் குறிப்பைப் படித்தபின் நான் ஹூவரை நம்பினேன். இந்த அம்மையார் பொய் சொல்லமாட்டார் என்று நம்பினேன்.

இனி மற்றொருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். லில்லிக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, அவள் வீட்டின் பின்புறம் ஆளில்லாத வீட்டில் ஒளிந்து வாழ்ந்த பதினெட்டு வயதுப் பையன் அட்லஸ். வீட்டிலிருந்து துரத்தப்பட்டவன். அவள் அவனுக்கு உணவு கொடுத்தாள். தந்தையின் பழைய உடைகளைக் கொடுத்தாள். இந்தப் பகுதி முழுதும், தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் எலன் டிஜெனரஸ் அம்மையாருக்கு எழுதிய, ஒருபோதும் அஞ்சலில் சேராத மடல்களாக அவள் நாட்குறிப்பில் இருக்கிறது. முதலில் இந்த உத்தி எனக்குச் சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. பிறகு புரிந்தது. வீட்டில் யாரிடமும் பேச முடியாத ஒரு சிறுமி, ஒருபோதும் விடை எழுதாத ஒருவரை நோக்கிப் பேசுகிறாள். விடை வராது என்பதாலேயே உண்மையைப் பேச முடிகிறது. இங்குள்ள கவிஞர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அட்லஸ் பின்னர்க் கடற்படைக் காலாட்படையில் பணியாற்றி, பாஸ்டனில் உணவகம் நடத்துபவனாகத் திரும்ப வருகிறான். முதல் நாவலில் அவன் ஒரு புகலிடம், ஒரு நினைவு. இறுதியில் சில பக்கப் பின்னுரை இருக்கிறது. தெருவில், கைக்குழந்தையோடு போகும் லில்லி, அட்லஸைச் சந்திக்கிறாள். அவ்வளவுதான். மீதியை நாம் நினைத்துக்கொள்ளலாம், நினைக்காமலும் விடலாம். ஒப்பந்தத்தின் இரண்டாம் விதியை நிறைவேற்ற அந்தப் பக்கங்கள் போதும்.

அப்பக்கங்களைப் படித்தபோது எனக்கு டிக்கன்சின் நினைவு வந்தது. 1861இல் முடிந்த 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலுக்கு அவர் முதலில் எழுதிய முடிவு வேறு. அந்த நாவலின் எஸ்டெல்லாவும் கொடுமைக்காரக் கணவனிடம் துன்புற்றவள். ஆண்டுகள் பல கழித்து, பிப் ஒரு சிறுவனோடு இலண்டன் தெருவில் போகையில் அவளைச் சந்திக்கிறான், கைகுலுக்குகிறார்கள், பிரிகிறார்கள். அச்சுப்படியைப் படித்த நண்பர் புல்வர் லிட்டன், வாசகர் இதை விரும்பமாட்டார்கள் என்றார். டிக்கன்ஸ் முடிவை மாற்றினார். பழைய முடிவு, அவருடைய மறைவுக்குப்பின் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வெளிவந்தது. எது சிறந்த முடிவு என்று ஆண்டுதோறும் என் வகுப்பில் வாதிடுவோம். மாணவியரில் பெரும்பாலோர் மாற்றிய முடிவின் பக்கம், நான் பழையதன் பக்கம். ஆனால் ஒன்று சொல்வேன். டிக்கன்ஸ் மாற்றியது ஒரு காட்சியைத்தான். அதிலும் இறுதி வாக்கியத்தில் கொஞ்சம் மூடுபனியை விட்டு வைத்தார். எஸ்டெல்லாவின் திருமண விருந்துக்கு நம்மை அழைத்துச் செல்ல இன்னொரு நாவல் எழுதவில்லை.

ஹூவர் எழுதினார்.

தொடர்ச்சி எழுதும் எண்ணம் தமக்கு முதலில் இருந்ததில்லை என்றும், வாசகர்களின் வேண்டுகோளே எழுத வைத்தது என்றும் அவர் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். 2016இல் வந்த நாவல், நான்கைந்து ஆண்டுகள் கழித்து 'டிக்டாக்' வழியாக இளம் வாசகியரிடம் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் அதைப் படித்து அழுவதைத் தாமே படம் பிடித்து வெளியிட்டார்கள். லில்லியும் அட்லஸும் சேர்ந்தாக வேண்டும் என்று கேட்டார்கள். தொடர்ச்சி வெளியான முதல் நாளிலேயே முன்பதிவுகளையும் சேர்த்து 8 லட்சம் படிகள் விற்றன. நம் கவிதைத் தொகுப்புகளின் 500 படிகளை எண்ணிப் பெருமூச்சு விடுபவர்கள் விட்டுக்கொள்ளலாம்.

நானும் பேத்தியிடம் சொல்லி அதை வாங்கி வரச் செய்தேன். மணவிலக்குக்குப் பின் என்ன ஆகிறது என்று அறிய ஆவல் கொண்டேன். காதலை அன்று, மற்றொன்றை. அடித்தவன் குழந்தையின் தந்தையாகவும் இருக்கிறான். லில்லி அவன்மீது வழக்குத் தொடுக்கவில்லை. வாரந்தோறும் அவன் வீட்டு வாசலில் மகளை ஒப்படைத்துவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும். அந்த நடை எப்படி இருக்கும்? அவன் தங்கையோ இவளுடைய உயிர்த்தோழி. இவ்வளவு கடினமான, இவ்வளவு உண்மையான ஒரு நிலையைக் காதல் நாவல் தன் கையில் வைத்திருப்பது அரிது. ஆசிரியருக்கு அது தெரியாமலும் இல்லை. அச்சமும் தயக்கமும் கலந்த சில நல்ல பக்கங்கள் தொடர்ச்சியில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அந்தப் பெரும் சிக்கல், அலிசாவும் அவள் கணவனும் உடனிருக்க நடக்கும் ஓர் உரையாடலில் தீர்ந்துவிடுகிறது. ரைல் கோபத்தை அடக்கும் பயிற்சிக்குச் செல்ல வேண்டும். பிறர் மேற்பார்வையில்தான் மகளைக் காண வேண்டும். அவன் இணங்குகிறான். நல்ல தீர்வுதான். ஒரு குடும்ப ஆலோசகர் பாராட்டுவார். நாவல் படிப்பவளுக்கு, தான் தூக்க வேண்டிய சுமையை வேறு யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டதைப் போல இருக்கிறது.

இன்னும் பெரிய குறை ரைலின் வார்ப்பில் இருக்கிறது. முதல் நாவலில் நம்மை மயக்கியவன் அவன். நாம் மன்னித்தவன் அவன். தொடர்ச்சியில் அவன் பொறாமையும் சினமும் கொண்டு வழியில் நிற்கும் ஆளாகச் சுருங்கிவிடுகிறான். அவன் கவர்ச்சி போய்விட்டது. துயரமும் ஏறத்தாழப் போய்விட்டது. வாசகியருக்கு இனி அவனை வெறுப்பது எளிது. ஆனால் அவனை வெறுப்பது எளிதாகிவிட்டால், முன்பு நாம் ஏன் அவனை மன்னித்தோம் என்ற கேள்வி மறைந்துவிடுகிறது. என் சித்தியின் கை முந்தானைக்குள் மறைந்தது போல மறைந்துவிடுகிறது. முதல் நாவல் என்னிடம் கேட்ட அந்தக் கேள்வியை, இரண்டாம் நாவல் தானே முன்வந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். மற்றவையெல்லாம் சில்லறைக் குறைகள்.

அச்சில்லறையிலும் ஒன்றிரண்டைச் சொல்கிறேன். தொடர்ச்சி லில்லி ஒரு பகுதி, அட்லஸ் ஒரு பகுதி என்று மாறி மாறிச் செல்கிறது. அட்லஸிடம் குறையே இல்லை. பொறுமை, பரிவு, உழைப்பு, சமையல் திறன், நல்ல கடிதம் எழுதும் ஆற்றல் எல்லாம் இருக்கின்றன. குறையற்றவன் பேசத் தொடங்கினால் நாவலில் நமக்கு வேலையில்லை. காதலில் என்ன செய்வது என்று அவன் ஆலோசனை கேட்பது உணவக ஊழியரின் சிறுவயது மகனிடம். முதல் முறை சிரித்தேன். இதற்கு நடுவில் ஒரு கிளைக்கதை மட்டும் உயிரோடு இருக்கிறது. அட்லஸைத் துரத்திய தாய்க்கு இன்னொரு மகன் இருக்கிறான். அவனும் வீட்டை விட்டு ஓடி வந்து அண்ணனின் உணவகத்தையே நாசம் செய்கிறான். அந்தச் சிறுவனைக் கண்டு அட்லஸ் தன் பழைய பசியை நினைவுகூரும் இடங்களில் பழைய ஹூவர் தெரிகிறார். அதை மட்டும் தனி நாவலாக எழுதியிருக்கலாகாதா என்று எண்ணினேன்.

நாட்குறிப்புகளின் கதிதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. விடை வராத ஒருவரை நோக்கி எழுதிய அந்த மடல்களைத் தொடர்ச்சியில் அட்லஸ் படிக்கிறான். படித்து மகிழ்கிறான், பதிலும் எழுதுகிறான். காதலர்க்கு அது இனிமையாக இருக்கலாம். ஆனால் ஒரு சிறுமி தன் தனிமைக்குள் பேசிய குரல், பத்தாண்டுகள் கழித்துக் காதல் பரிசாகிவிடுகிறது. எழுதுபவர்களுக்குத் தெரியும், சில வரிகளுக்கு விடை வந்துவிட்டால் அவை வரிகளாக இல்லாமல் போய்விடும்.

நம் கவியரங்குகளை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு வரிக்குக் கைதட்டல் எழுகிறது. "மீண்டும்!" என்று குரல் வருகிறது. கவிஞர் மீண்டும் படிக்கிறார். இரண்டாம் முறையும் கைதட்டல். அடுத்த அரங்கில் அந்த வரியைப் போலவே ஒரு வரியை எழுதிக்கொண்டு வருகிறார். பத்தாண்டுகளாகச் சன்னலோரம் அமர்ந்து இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்; பெயர் சொல்லமாட்டேன். கேட்டவர்களைக் குறை சொல்வதா, கொடுத்தவரைக் குறை சொல்வதா என்று எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

கேட்பவர்கள் எப்போதும் இனிப்பையே கேட்பார்கள் என்று எண்ணிவிடவும் கூடாது. 2023 சனவரியில் முதல் நாவலை வைத்து வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்று வரப்போவதாக அறிவிப்பு வந்தது. வீட்டு வன்முறையைப் பற்றிய கதைக்குப் பூப்போட்ட வண்ணப் புத்தகமா என்று வாசகியரே கொதித்து எழுந்தார்கள். உடனே அது கைவிடப்பட்டது. 2024இல் திரைப்படமாக வந்தபோதும், அதைப் பூவும் புன்னகையுமாக விளம்பரம் செய்த முறையைப் பலர் கண்டித்தார்கள். அப்பெண்களுக்கு அக்கதையின் எடை தெரிந்திருக்கிறது. தெரிந்தே தொடர்ச்சியையும் கேட்டிருக்கிறார்கள்.

ஏன் கேட்டார்கள் என்பதை எனக்கு விளக்கியவள் பேத்திதான். நான் இவ்வளவையும் அவளிடம் கொட்டித் தீர்த்தபோது, கேட்டுவிட்டு அமைதியாக, "பாட்டி, அவ அவ்வளவு கஷ்டப்பட்டுட்டா. இனிமேலாவது நல்லா இருக்கட்டுமேன்னு உங்களுக்குத் தோணலையா?" என்றாள்.

"தோன்றுகிறது. ஆனால் அதை நாவலாக..." என்று தொடங்கினேன்.

"என் விடுதியில ஒருத்தி இருக்கா. முதல் புத்தகத்தைப் படிச்சுட்டுத்தான் ஒருத்தன்கூடப் பேசுறதையே நிறுத்தினா. ரெண்டு மாசம் சரியாத் தூங்கலை. இனிமே தன்னை யாரு விரும்புவான்னு அழுதுகிட்டே இருந்தா. ரெண்டாவது புத்தகத்தைப் படிச்ச அன்னைக்குத்தான் தூங்கினா. இலக்கியமா இல்லையான்னு அவகிட்ட யாரும் கேக்கலை, பாட்டி."

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. என் திறனாய்வு சரி என்றே நினைக்கிறேன். அந்தப் பெண்ணின் தூக்கத்தைத் தவறு என்று சொல்லும் துணிவும் எனக்கு இல்லை. வெளியேறினால் என்ன ஆவோம் என்ற அச்சமே பல பெண்களை வெளியேறாமல் வைத்திருக்கிறது என்பதை நான் மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். சித்திக்கு அன்று யாராவது, வெளியே ஒரு வாழ்க்கை இருக்கிறது, அதில் சமைத்துப் போட ஒரு நல்லவன்கூட இருக்கக்கூடும் என்று ஒரு கதை சொல்லியிருந்தால், அந்தக் கதை எவ்வளவு மோசமாக எழுதப்பட்டிருந்தாலும், நான் சொன்ன ஆறுதலைவிடப் பயன்பட்டிருக்குமோ என்னவோ.

ஆனாலும் பேத்தியிடம் ஒன்று கேட்டேன். அந்தத் தோழி எந்தப் புத்தகத்தை மீண்டும் படிக்கிறாள் என்று கேட்டேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "முதல் புத்தகத்தைத்தான். ஆனா ஓவன் வர்ற பக்கத்தைத் தாண்டிப் போயிடுவா" என்றாள்.

நான் அந்தப் பக்கத்தைத்தான் மீண்டும் மீண்டும் படிக்கிறேன். முதல் நாவலின் என் படியை நம் வட்டத்தின் நூலகத்திற்குத் தரலாம் என்று இன்று எடுத்து வந்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், நூலகப் புத்தகத்தில் கோடு போடும் பழக்கமுள்ளவள் அல்லள் நான், போடும்போது அது என் புத்தகமாக இருந்தது. இரண்டாவதைப் பேத்தியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் அதை விடுதிக்கு எடுத்துச் சென்றிருக்கிறாள்.